சுட்ட பன்றி யாருக்கு?

கொச்சி மேயருக்குக் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு போடும் அதிகாரம் உண்டு. எங்கள் மட்டாஞ்சேரியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை. 2022 மே மாதம் கேரள அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. பயிரைக் கெடுக்கும், ஆளைத் தாக்கும் பன்றியைக் கொல்ல அனுமதி கேட்டு இனி வனத்துறை வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம். பஞ்சாயத்துத் தலைவரும் நகராட்சித் தலைவரும் மேயரும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்கள், அவர்களே அனுமதி தரலாம் என்று. ஆண்டுக்காண்டு அதை நீட்டித்தும் வந்தார்கள். பஜார் ரோட்டில் அந்த அதிகாரத்துக்கு வேலை கிடையாது. இங்கே தெருவில் சுற்றுவதெல்லாம் ஆடுகள், அதுவும் இன்னார் வீட்டு ஆடு என்று தெருவுக்கே தெரிந்த ஆடுகள். குடோன் வாசலில் நின்று சாக்கைக் கடிக்கும். விரட்டினால் நம்மை முறைக்கும்.

ஆனாலும் பன்றி எங்கள் தெருவுக்குப் பேச்சாக வந்துசேர்ந்துவிடுகிறது. நான் இருப்பது மலஞ்சரக்குக் கமிஷன் கடையில். மிளகு, சுக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி. சரக்கு கொண்டுவருகிறவர்கள் முன்பெல்லாம் விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவார்கள், கொஞ்சம் அரசியல். இப்போது எடை போட்டு முடிப்பதற்குள் பன்றி வந்துவிடும். கோதமங்கலத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. நான் தமிழன் என்பதால் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். வயதில் அவர்தான் மூத்தவர், அதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. நான் அவரைச் சேட்டா என்பேன்.

அவர் தோட்டத்தில் பன்றி வந்துபோன மறுநாள் காலை எப்படி இருக்கும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மரவள்ளியை, சேட்டன் சொல்லும் கப்பையை, அது பிடுங்குவதில்லை. மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே போய் அடியிலிருந்து கிழங்கை உருவிவிடுகிறது. செடி முழுசாகச் சாய்ந்து கிடக்கிறது, இலைகூட வாடவில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் ராத்திரி காற்று பலமாக அடித்தது போல என்றுதான் தோன்றும். கிட்டே போனால் வரிசையாகப் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் பாதி கடித்துப் போட்ட கிழங்கு, அதன்மேல் எறும்பு. ஒரு கிழங்கையாவது முழுசாகத் தின்றிருந்தால் இவ்வளவு எரிச்சல் வராது. சேனையும் சேம்பும் அதே கதி. பக்கத்தில் நின்ற வாழைக்கன்றுகளையும் அடியோடு தள்ளியிருந்தது.

கடைசியில் ஒருநாள் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்து, பட்டியலில் பெயருள்ள லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் ஒருவர் வந்து, நடுராத்திரி ஒரு பன்றியைச் சுட்டார். அதற்குப்பின் நடந்ததுதான் சேட்டனுக்கு இன்றும் ஆறாத கோபம். காலையில் ஆள் வந்தது, படம் எடுத்தார்கள், குழி வெட்டினார்கள், மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்தார்கள்.

"மண்ணெண்ணெய் எதுக்கு சேட்டா?"

"ராத்திரி யாரும் தோண்டி எடுத்துக் கறி வெச்சிரக் கூடாதுல்ல, அதுக்கு. என் கப்பையைத் தின்னு கொழுத்த பன்னி, அண்ணாச்சி. எண்பது கிலோ இருக்கும். கப்பையும் போச்சு, கறியும் போச்சு."

காட்டுப்பன்றி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற விலங்கு. ஆபத்தானது என்று அனுமதி வாங்கிச் சுடலாம். சுட்டபின் அது அரசாங்கத்தின் சொத்து. தின்றால், விற்றால் வழக்கு. மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் மீனையும் ஒரே தெருவில் விற்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளங்க வைப்பது கஷ்டம்.

இதை இவ்வளவு தூரம் நான் யோசித்ததற்குக் காரணம் என் சித்தப்பா மகன். ஸ்வீடனின் வடக்கே உமேயோ என்ற ஊரில் வேலை பார்க்கிறான். செப்டம்பர் மாதம் வந்தால் அவனிடமிருந்து ஒரே மாதிரி செய்திதான் வரும்: "அண்ணே, ஆபீஸ்ல பாதிப் பேர் இல்ல. எல்லாரும் காட்டுக்குப் போயிட்டாங்க." அங்கே மூஸ் வேட்டைக் காலம். வடக்கே செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொடங்கும். தெற்கே அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை. நடுவில் இணைசேரும் பருவத்துக்காக வடக்கே கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார், பிளம்பர், கம்பெனி மேனேஜர் எல்லோரும் ஆரஞ்சு நிறத் தொப்பியை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். மன்னரும் போகிறார். ஹல்லேபெரி, ஹுன்னேபெரி என்று இரட்டைக் குன்றுகள். அங்கே அரச வேட்டையை இரண்டாம் ஆஸ்கார் மன்னர் 1885இல் தொடங்கிவைத்தார், இப்போதைய மன்னர் கார்ல் குஸ்தாஃப் வரைக்கும் அது நடக்கிறது.

மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே பெரிய விலங்கு. கடா 400, 500 கிலோ வரும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் மிளாவைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. கால் நீளம், உடம்பு உயரத்தில். அதனால் கார் மோதினால் பம்பர் காலைத்தான் தட்டும், உடம்பு முழுசாகக் கண்ணாடிமேல் வந்து விழும். ஸ்வீடன் சாலைகளில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இந்த மோதல் நடக்கிறது. 1997இல் ஒரு ஸ்வீடன் மோட்டார் பத்திரிகை, குறுக்கே மூஸ் வந்தால் வண்டியை வெட்டித் திருப்புவதுபோல ஒரு சோதனை நடத்தி, அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரையே கவிழ்த்துக் காட்டியது. அந்தக் கம்பெனி விற்ற வண்டிகளைத் திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுத்தது. இன்று நம் ஊர்க் கார்களில் வழுக்காமல் பிடிக்கும் எலெக்ட்ரானிக் சமாச்சாரம் சாதாரணமாகிவிட்டதற்கு அந்த மூஸுக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

சரி, வேட்டைக்கு வருவோம். ஒரு கோடி சொச்சம் பேர் வாழும் அந்த நாட்டில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் வேட்டைக்காக அரசுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுகிறார்கள். புதிதாகத் துப்பாக்கி வாங்க வேண்டுமானால் வேட்டைப் பரீட்சை எழுதித் தேற வேண்டும், 1985இலிருந்து அப்படி. தம்பியின் மேலதிகாரி ஒரு பெண். அவர் எழுத்துத் தேர்வில் பாஸாகி, ஓடும் மூஸ் பொம்மையைச் சுடும் சோதனையில் முதல் தடவை தோற்றுப் போனாராம். மூஸ் காயம்பட்டு ஓடினால் தேடிப் பிடிக்கப் பழக்கிய நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது விதி. சுட்டுவிட்டு "ஓடிப் போச்சுப்பா" என்று வீட்டுக்கு வந்துவிட முடியாது.

நம்மவர்களுக்குக் கொஞ்சம் நெஞ்சு அடைக்கும் விதி ஒன்றும் உண்டு. தாயும் கன்றும் சேர்ந்து வந்தால் முதலில் கன்றைத்தான் சுட வேண்டும். தாயைச் சுட்டுவிட்டால் கன்று பனிக்காலத்தில் தானே செத்துப்போகும், அடுத்த வருஷம் ஈனுவதற்கும் ஆள் இருக்காது. இதைத் தம்பி சொன்னபோது அவன் குரலே இறங்கிவிட்டது. வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றான்.

அவன் ஒருநாள் வீடியோ காலில் ஒரு கொட்டகையைக் காட்டினான். தோலுரித்த உடல்கள் கூரையிலிருந்து தொங்கின. சுவரில் ஒரு தெர்மாமீட்டர், பக்கத்தில் பென்சிலால் எழுதிய எண்கள். ஒவ்வொரு நாளும் சராசரி வெப்பம் எத்தனை டிகிரி என்று எழுதிக் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். கூட்டல் 40ஐத் தொட்டதும் இறைச்சி பதம், வெட்டலாம். 8 டிகிரி குளிர் என்றால் 5 நாள். மட்டாஞ்சேரி வெயிலுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஒன்றேகால் நாளில் பதமாகிவிடும், ஆனால் தெருவே காலியாகிவிடும்.

வெட்டியபின் கூறு போடுவார்கள். சுட்டவனுக்கு மட்டும் சொந்தம் என்ற பேச்சில்லை. குழுவில் இருந்த எல்லோருக்கும், நாய் கொண்டுவந்தவருக்கும், நிலத்துக்காரருக்கும் ஒப்பந்தப்படி பங்கு. எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் கிடா வெட்டினால் வாழையிலையில் கூறு கட்டி வைப்பார்களே, அதேதான். ஃபின்லாந்தில் இன்னும் ஒருபடி மேலே போய், வேட்டைக் காலம் முடிந்ததும் வேட்டைக் கழகத்தார் நிலத்துக்காரர்களையும் ஊராரையும் அழைத்து மூஸ் சூப் காய்ச்சி விருந்து வைக்கிறார்கள். உன் நிலத்தில் சுட்டோம், வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று. நார்வேயில் செப்டம்பர் 25இலிருந்து வேட்டை. ஆண்டுக்குச் சுமார் 30 ஆயிரம் மூஸ். டென்மார்க்கிலும் ஐஸ்லாந்திலும் இந்தக் கொண்டாட்டம் இல்லை. டென்மார்க்கில் பேருக்குச் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், ஐஸ்லாந்தில் கலைமான்தான்.

இதையெல்லாம் கேட்டு, ரத்தம் பார்க்கும் ஆசைக்கு ஒரு சட்டத்தைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கே நடக்கும் சண்டையைக் கவனித்தால் விஷயம் வேறு. 1982இல் ஸ்வீடனில் சுமார் 1 லட்சத்து 74 ஆயிரம் மூஸ் சுட்டார்கள். காட்டை மொத்தமாக வெட்டிப் புதிதாகப் பைன் நட்ட காலம். இளம்பைன் மூஸுக்கு அருமையான தீனி, எண்ணிக்கை அப்படி ஏறியிருந்தது. இப்போது ஆண்டுக் கணக்கு அதில் பாதிகூட வருவதில்லை. இன்னும் சுடு, இன்னும் குறை என்று நெருக்குவது காட்டு முதலாளிகளும் மரக் கம்பெனிகளும். போதும், இதற்குமேல் சுட்டால் மூஸே மிஞ்சாது என்று எதிர்த்து நிற்பது வேட்டைக்காரர்கள். துப்பாக்கி வைத்திருப்பவன்தான் விலங்குக்காக வாதாடுகிறான். ஏனென்றால் அடுத்த வருஷக் கறி அவனுடையது.

இந்த இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். 2012இலிருந்து நாடு முழுவதும் மூஸ் மேலாண்மைப் பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. அதில் நிலத்துக்காரர்களும் வேட்டைக்காரர்களும் சம எண்ணிக்கையில். வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். வேட்டைக்குப் போகிறவர்கள் சுட்டதை மட்டுமல்ல, பார்த்ததையும் எழுதிக் கொடுக்கிறார்கள்: எத்தனை கடா, எத்தனை தாய், எத்தனை கன்று. புழுக்கை எண்ணுகிறார்கள், ஹெலிகாப்டரிலிருந்து எண்ணுகிறார்கள், எத்தனை இளம்பைனைக் கடித்திருக்கிறது என்று அதையும் எண்ணுகிறார்கள். அப்புறம்தான் இந்த வருஷம் இத்தனை என்று முடிவு. சண்டை தீர்வதில்லை, ஆனால் இரண்டு பேர் கையிலும் ஒரே தாள் இருக்கிறது.

இது வெள்ளைக்காரன் ஊர்ச் சங்கதி, நமக்குப் பொருந்தாது என்று நீங்கள் சொல்வதற்குமுன் ஊட்டிக்கு ஒரு நடை போய்வரலாம். நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரத் துரைமார் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் சென்னை மாகாணம் அதற்கென்று சட்டமே போட்டது. இன்ன மாதத்தில் சுடலாம், இன்ன மாதத்தில் கூடாது, லைசென்ஸ் இல்லாமல் கூடவே கூடாது. இந்தியாவில் வேட்டைக்குப் பருவம் வகுத்த ஆரம்பகாலச் சட்டங்களில் அது ஒன்று. வேட்டைக்காரர்களே, வேட்டை மிருகம் தீர்ந்துபோகிறதே என்ற பயத்தில் செய்தது. மூணாறுக்கு மேலே இரவிகுளத்திலும் அதே கதை. தேயிலைத் தோட்டத் துரைமார் வரையாட்டைத் தங்கள் வேட்டைக்கென்று காபந்து செய்து வைத்தார்கள். காவலுக்கு முதுவர்களை அமர்த்தினார்கள். 1971இல் கேரள அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது, 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. இன்று உலகத்தில் வரையாடு மிக அதிகமாக இருக்கும் இடம் அதுதான். சுட ஆசைப்பட்டவன் காப்பாற்றி வைத்த ஆடு.

ஆனால் இதில் மறைந்து கிடக்கும் அநியாயத்தைச் சொல்லாமல் விட முடியாது. துரைக்குப் பருவம் வகுத்த அதே சட்டம், தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வேட்டையாடித் தின்ற குறும்பரையும் இருளரையும் ஒரே நாளில் கள்ள வேட்டைக்காரர் ஆக்கியது. துரைக்கு அது விளையாட்டு, இவர்களுக்குச் சோறு. லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும் என்று கேட்கவா வேண்டும்? ஸ்வீடன் மேசையில் சாமி மக்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நீலகிரி சங்கத்தில் குறும்பருக்குப் போடவில்லை. 1972 சட்டம் வந்து வேட்டைக்குக் கடிவாளம் போட்டபோது, அந்த வரலாறு தெரிந்தவர்கள் யாரும் பெரிதாக அழவில்லை. நானும் அழமாட்டேன். அன்று அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இன்று பேசுவதற்கு மிருகமே இருந்திருக்காது.

நம் கோயில் சாமிகளுக்கு மட்டும் வேட்டைத் தடை இல்லை. கேரளக் கோயில் உத்ஸவங்களில் ஆறாட்டுக்கு முந்தின ராத்திரி பள்ளிவேட்டை. சாமி வேட்டைக்குப் போகும். சில ஊர்களில் ஒருவர் பன்றி வேஷம் கட்டிக்கொண்டு வருவார். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் பள்ளிவேட்டையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் இளநீரைக் குறிவைத்து அம்பு விடுகிறார். கன்னியாகுமரியில் பகவதி அம்மன் விஜயதசமியன்று மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போகிறாள். வருஷத்தில் ஒரு நாள், ஒரு குறி, முடிந்ததும் குளியல். அதுவும் ஒரு பருவம் வகுத்த வேட்டைதான்.

இனிக் கேரளத்துப் பன்றிக் கணக்குக்கு வருகிறேன், அதாவது கணக்கு இல்லாத கணக்குக்கு. காட்டுக்குள் எடுத்த கணக்கில் 2002இல் 60 ஆயிரம் சொச்சம், 2011இல் 48 ஆயிரம் சொச்சம். குறைந்திருக்கிறது. ஆனால் காடே இல்லாத ஆலப்புழை மாவட்டம் வரைக்கும் பன்றி போய்ச் சேர்ந்திருக்கிறது. காட்டில் எண்ணினார்கள், பன்றி ஊரில் இருந்தது. வரையாட்டைத் தமிழ்நாடும் கேரளமும் 2025இல் சேர்ந்து ஒரே சமயத்தில் எண்ணின: இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து 2,668. மலை உச்சியில் பாறையில் நிற்கும் ஆட்டை அவ்வளவு துல்லியமாக எண்ணத் தெரிந்த நமக்கு, ரப்பர் தோட்டத்தில் படுத்திருக்கும் பன்றி எத்தனை என்று தெரியவில்லை.

எண்ணிக்கை தெரியாமல் சுட்டால், சுட்டது அதிகமா குறைவா என்று யார் சொல்வது? காட்டுப்பன்றி ஒரு ஈற்றில் நாலைந்து குட்டி போடும். மூஸ் ஒன்று அல்லது இரண்டு. நாலு பன்றியைச் சுட்டுப் புதைத்துவிட்டு, பஞ்சாயத்துக் கூட்டத்தில் அறிவித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது, கசிகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பதுதான். அந்த நாலைச் சுடுவதற்கும் ஆள் வேண்டுமே. லைசென்ஸ் உள்ளவர்கள் சிலர், அவர்களில் பட்டியலில் இருப்பவர்கள் இன்னும் சிலர், பெரும்பாலும் வயதானவர்கள். தோட்டாச் செலவு அவர்கள் கையிலிருந்து. சன்மானம் எப்போதாவது வரும். இதில் தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு மாதம் பன்றிக்கு நிம்மதி. தேர்தல் பேச்சுகளில் அதன் பெயர் அடிபடும், தோட்டத்தில் அதற்குத் தொந்தரவு இருக்காது.

சட்டப்படி வழி தெரியாதவன், அல்லது காத்திருக்கப் பொறுமையில்லாதவன், வேறு வழி பார்க்கிறான். அதுதான் பயங்கரம். 2020 மே மாதம் பாலக்காட்டில் கர்ப்பிணி யானை ஒன்று ஆற்றில் நின்றபடி செத்ததை நாடே பார்த்தது. பன்றிக்கு வைத்த வெடி. நம் பக்கம் அவுட்டுக்காய் என்கிறோமே, அந்த வகை. 2025 ஜூனில் நிலம்பூர் பக்கம் வழிக்கடவில், பன்றிக்கென்று கள்ளத்தனமாகக் கரண்டு வைத்த கம்பியில் சிக்கி 15 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். நண்பர்களோடு மீன் பிடிக்கப் போனவன். அங்கே இடைத்தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரம், அந்தச் சாவு ஒரு வாரம் மேடைப் பொருளாயிற்று.

பன்றியைத் தொல்லை விலங்கு என்று அறிவியுங்கள் என்று மத்திய அரசைக் கேரளம் திரும்பத் திரும்பக் கேட்டது. சட்டத்தின் 62ஆம் பிரிவில் அதற்கு இடம் உண்டு; உத்தராகண்டுக்கும் பீகாருக்கும் 2015, 2016இல் கொடுத்தார்கள். கேரளத்துக்குக் கொடுக்கவில்லை. 2024 மார்ச்சில் மனித-விலங்கு மோதலை மாநிலப் பேரிடர் என்று கேரளம் அறிவித்தது. 2025 அக்டோபரில், தொல்லை விலங்கு என்று அறிவிக்கும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அது செல்லுபடியாகக் குடியரசுத் தலைவர் கையெழுத்து வேண்டும். தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு மாதிரி வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3க்கு அப்பால் வனத்துறை ஆட்களே சுடலாம். தெளிவாகத்தான் இருக்கிறது. பன்றிக்கு யாராவது எல்லைக்கல் காட்டியிருந்தால் இன்னும் வசதி.

இறைச்சிப் பேச்சை எடுத்தால் மட்டும் எல்லோரும் பின்வாங்குகிறார்கள். அதற்கு நல்ல காரணங்களும் உண்டு, சேட்டன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும். 2022 ஜூனில் அதிரப்பள்ளிக் காட்டில் செத்துக்கிடந்த பன்றிகளில் ஆந்த்ராக்ஸ் கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே வயநாட்டுப் பன்றிப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அது மனிதனுக்குத் தொற்றாது, ஆனால் பண்ணைகளைத் துடைத்துப்போட்டுவிடும். கறிக்கு விலை வந்துவிட்டால், தொல்லை தராத பன்றியும் தொல்லை தந்ததாகச் சாட்சி சொல்வார்கள்; பன்றி பெயரில் மிளாவும் கேழையாடும் விழும். இதெல்லாம் வெறும் பயமில்லை.

ஆனால் ஸ்வீடனிலும் காட்டுப்பன்றி இருக்கிறது. அழிந்துபோயிருந்தது, 1970களில் அடைத்து வளர்த்த இடங்களிலிருந்து தப்பித்து மறுபடி பெருகியது. இப்போது சில வருஷங்களில் மூஸைவிடப் பன்றியைத்தான் அதிகம் சுடுகிறார்கள், லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கும் நோய் பயம் உண்டு: 2023 செப்டம்பரில் ஃபாகெர்ஸ்தா என்ற இடத்தில் இதே பன்றிக் காய்ச்சல் வந்தது. உடனே பகுதியை வேலி போட்டு அடைத்து, செத்த பன்றிகளைத் தேடி எடுத்து, ஓராண்டில் முடித்தார்கள். கறியில் புழு இருக்கிறதா என்று மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். 1986 செர்னோபில் விபத்தில் கதிர்வீச்சுத் தூசி படிந்த பகுதிகளில் சீசியம் அளவும் பார்க்கிறார்கள். பன்றி மண்ணைக் கிளறித் தின்பதால் அதன் உடம்பில் இன்றும் அது ஏறுகிறது. கறியைச் சோதித்து, முத்திரை குத்தி விடுகிறார்கள். நோய் உண்டு என்பதற்காக அத்தனையையும் மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கவில்லை.

நான் கேட்பது துப்பாக்கியை எல்லோருக்கும் கொடு என்பதல்ல. ஒரு பஞ்சாயத்து, அல்லது நாலு பஞ்சாயத்து சேர்ந்து, தங்கள் எல்லையில் பன்றி எத்தனை என்று முதலில் எண்ணட்டும். எண்ண வனத்துறை மட்டும் போதாது. கப்பை போட்டவனும், மலைவாழ் மக்களும், பட்டியலில் உள்ள துப்பாக்கிக்காரரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடட்டும். சுட்ட பன்றியைக் கால்நடை மருத்துவர் சோதித்து நன்றாக இருந்தால் அந்த வார்டிலேயே, விலைக்கில்லாமல், கூறு போடட்டும். பயிர் இழந்தவனுக்கு முதல் கூறு. காசு நடுவில் வராதவரை கள்ளத்தனத்துக்கு வேகம் குறைவு. விவசாய அமைச்சரே 2025இல் கறியைத் தின்ன அனுமதிக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். ஆனால் அவர் சொன்னது தின்பதைப் பற்றி. எண்ணுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அதில் கைத்தட்டல் கிடைக்காது.

இருளருக்குப் பாம்பு பிடிப்பதைச் சட்டம் தடுத்தபோது, 1978இல் வடநெம்மேலியில் அவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பிடித்த பாம்பில் விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே விட வைத்தோம். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் பெரிய ஆதாரம். சட்டத்துக்குள்ளேயே வழி கண்டுபிடிக்க நமக்குத் தெரியாமல் இல்லை.

இதையெல்லாம் சேட்டனிடம் சொன்னேன், ஃபின்லாந்து சூப் விருந்து உட்பட. சரக்கு எடை போட்டு முடிந்திருந்தது, சீட்டு எழுத நேரமிருந்தது. பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"அந்தச் சூப்புக்கு நிலத்துக்காரன் வருவானா?"

"வருவான் சேட்டா. அவன் இல்லாம முடிவே கிடையாது."

"அப்போ நம்ம ஊர்ல நடக்காது."

அவர் தோட்டத்துக்கு மேலே பெரிய ரப்பர் எஸ்டேட் ஒன்று. ரப்பர் விலை விழுந்தபின் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். காடு வளர்ந்து ஆள் உயரத்துக்குப் புதர். பன்றிக் கூட்டம் பகலில் படுப்பது அங்கேதான். காட்டிலிருந்து எதுவும் வருவதில்லை, அங்கேயே பிறந்து அங்கேயே வளர்கிறது. உரிமையாளர்கள் அண்ணனும் தம்பியும், ஒருவர் அயர்லாந்தில், ஒருவர் ஆஸ்திரேலியாவில். புதரை வெட்டச் சொல்லிப் பஞ்சாயத்து அனுப்பிய நோட்டீஸைக் கேட்டில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு மேலேயே போன வருஷத்து நோட்டீஸின் பசை தெரிகிறதாம்.

"கப்பை இந்தத் தடவை போடல, அண்ணாச்சி. அந்த எடத்துலயும் ஜாதிக்கன்னு வெச்சாச்சு. காய்க்க ஏழு வருஷம் ஆகும். அத விடு, பத்திரி என்ன வெலைக்குப் போகுது இன்னிக்கு?"